இருபத்தொரு நாள் கணக்கு

எங்கள் அப்பா பதினோரு வருடம் கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் மெஷின் பார்த்தவர். அதன் பக்கவிளைவாக, உலகத்தில் எந்தக் காரியம் முடியவும் இருபத்தொரு நாள் ஆகும் என்று நம்புகிறவர். சளி பிடித்தால் இருபத்தொரு நாள். தபால் வர இருபத்தொரு நாள். அம்மா கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால், "விடு, இருபத்தொண்ணாவது நாள் தானா வெளிய வருவா" என்பார். அம்மா நாலாவது நாளே பேசிவிடுவாள். அதைக் குறைப்பிரசவ வகையில் சேர்த்துக்கொள்வார்.

பொரிப்பகத்தை விட்ட பிறகு ஒன்பது வருடம் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு ஒரு கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்த்துக் கொடுத்தார். குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்து கம்பெனியுடையது. செத்துப்போன கோழி மட்டும் எங்களுடையது. ஒரு பேட்ச் நாற்பத்திரண்டு நாள். பல் பிடுங்குவது, சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போவது, சண்டை போடுவது எல்லாம் இரண்டு பேட்சுக்கு நடுவில் உள்ள பத்து நாளில்தான். பேட்ச் ஓடும்போது எனக்குக் காய்ச்சல் வந்தால், முதலில் அது கோழிக்குத் தொற்றுமா என்று விசாரிப்பார்கள்.

போன வருடம் கம்பெனி ஆள் வந்து ஷெட்டை ஏற இறங்கப் பார்த்தார். "பழசாயிடுச்சுங்க, இனிமே ஏசி ஷெட்டுக்குத்தான் குஞ்சு குடுப்போம்" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். கோழிக்கு ஏசி. நாங்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அந்தச் செய்தியை ஜீரணித்தோம்.

அப்போதுதான் அப்பா ஒரு விவசாயக் கண்காட்சிக்குப் போய் பெசன்ட்டைப் பார்த்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பெசன்ட் என்பது கோழிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, ஆனால் வசதியான வீட்டில் வளர்ந்த தம்பி. ஆண் பறவைக்குச் செம்பு நிற உடம்பு, பச்சைக் கழுத்து, சிவந்த முகம், தன் உடம்பு நீளத்துக்கு ஒரு வால். பெரிய ஹோட்டல்காரர்கள் தேடி வந்து வாங்குகிறார்களாம். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக ஒரு வால் இறகைச் செருகிக்கொண்டு நின்ற ஆள் அப்பாவிடம் எல்லாம் விளக்கினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பெயர் வால்காரர். இந்தப் பறவை திடுக்கிட்டால் நேரே மேலே பறக்கும், அதனால் தகரக் கூரைக்கு அடியில் வலை கட்டணும். ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும், அதனால் வளர்ந்ததும் மூக்கில் ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி மாட்டணும், எதிரில் இருப்பவன் தெரிய மாட்டான். அப்பாவை விழவைத்தது இதெல்லாம் இல்லை. "கம்பெனிக்காரன் இன்னும் இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கலண்ணே" என்று அவர் சொன்ன ஒரு வரி.

அப்பா முந்நூறு முட்டையோடும் குஞ்சு பொரிக்கும் ஒரு பழைய இன்குபேட்டர் மெஷினோடும் வீட்டுக்கு வந்தார். முட்டை ஒவ்வொன்றும் கோழி முட்டையைவிடச் சின்னது, சேறு பூசின மாதிரி ஒரு பச்சைப் பழுப்பு.

அம்மா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "கோழி முட்டை மாதிரிதான் இருக்கு."

"கோழின்னு சொல்லாத" என்றார் அப்பா. "இது கோழியே இல்ல. புத்தி வேற, வளர்ப்பு வேற. கோழின்னு நெனச்சு வளத்தா உருப்படாது."

இதை அவர் தெருவில் எல்லோரிடமும் சொன்னார். பால்காரர் "என்னண்ணே, புதுக் கோழியாமே" என்று கேட்டு, வண்டியை நிறுத்தியபடியே இருபது நிமிடம் பாடம் கேட்டுவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அவர் எங்கள் வீட்டில் மணியடிக்காமல் பாலை வைத்துவிட்டுப் போகிறார்.

இந்த இடத்தில் நாற்காலி மாமா வருகிறார். அம்மாவின் தம்பி. விசேஷங்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு விடுபவர். அவரிடம் அறுநூறு நாற்காலி இருந்தது, கூரை இல்லை. மழையிலும் வெயிலிலும் மொட்டைமாடியில் கிடந்து நாற்காலிகள் வெளுத்துக்கொண்டிருந்தன. எங்கள் ஷெட் காலியானதிலிருந்து அவர் வாரம் இரண்டு தடவை அக்காவைப் பார்க்க வந்தார். அதற்கு முன்னால் வருடத்துக்கு இரண்டு தடவை.

"அத்தான், கோழியும் இல்லங்கறீங்க, மயிலும் இல்லங்கறீங்க. இதை யாரு சாப்பிடுவா?"

"நீ சாப்பிட வேணாம் மச்சான். உனக்குத் தர்றதா யாரும் சொல்லல."

"அதுக்கில்ல. குஞ்சே வரலன்னா? ஷெட்டைச் சும்மா போட்டுவெச்சு என்ன பிரயோஜனம்? என்கிட்ட குடுங்க. நீங்களும் என்கூட வந்துடுங்க, வேலைக்கா பஞ்சம்?"

அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "குஞ்சு பொரிக்கிறதைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? பதினோரு வருஷம்டா. என் கையில ஒரு டிரே செத்ததில்ல. இன்னையிலருந்து எண்ணிக்க. இருபத்தொண்ணாவது நாள் குஞ்சு வரலன்னா ஷெட்டு உனக்கு. நான் உன் கடைக்கு வந்து சேர் தொடைக்கிறேன். போதுமா?"

"அக்கா, நீயே சாட்சி" என்றார் மாமா.

"எனக்கு வேற வேல இல்ல பாரு" என்றாள் அம்மா. ஆனாலும் நாள்காட்டியில் ஒரு வட்டம் போட்டாள்.

ஷெட்டை ஒட்டிய தீவன அறையில் மெஷின் ஓட ஆரம்பித்தது. நான் தேர்வுக்குப் படிக்க விடுமுறையில் வந்திருந்ததால், அதாவது சும்மா இருந்ததால், முட்டையைத் திருப்பும் வேலை எனக்கு. ஏழாம் நாள் அப்பா ஒவ்வொரு முட்டையையும் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உள்ளே சிலந்திவலை மாதிரி சிவப்பு நரம்புகள், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. அப்பா அன்று தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே சாப்பிட்டார்.

பதினெட்டாம் நாள், "இனிமே திருப்ப வேணாம், ஈரத்தை ஏத்தி விடு" என்றார். மனப்பாடமாகத் தெரிந்த வேலை. யோசிக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. அதுதான் தப்பாகப் போனது.

இருபத்தொன்றாம் நாள் காலை ஒரு முட்டையிலும் கீறல் இல்லை. பத்து மணிக்கு மாமா வந்தார். பின்னாலேயே நாற்காலி ஏற்றிய லாரி.

"லாரியோடவா வருவ?" என்றாள் அம்மா.

"டிரைவர் இன்னைக்குத்தான் கிடைச்சான் அக்கா. குஞ்சு வந்துட்டா அப்படியே திரும்பிப் போயிடப் போறேன், இதுல என்ன."

பன்னிரண்டாயிற்று, ஒன்றாயிற்று. அப்பா மெஷினைத் திறந்து ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தார். அதை வைத்துவிட்டு இன்னொன்று. பத்துப் பதினைந்து முட்டைகளிடம் அப்படிக் குசலம் விசாரித்தார். ஒன்றும் பதில் சொல்லவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே முழுக்கக் கறுப்பு, அசைவில்லை.

"உள்ளயே போயிடுச்சு" என்றார். மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். மாமாவிடம் திரும்பி, "எறக்கிக்க மச்சான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

மாமாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் டிரைவருக்கு அடுத்த வாடகை இருந்தது. நாற்காலிகள் இருபது இருபதாக அடுக்கி ஷெட்டுக்குள் போயின. அம்மா முட்டைகளை வைக்கோல் போட்ட கூடைகளில் எடுத்து, மேலே சாக்கால் மூடி, மரநிழலில் வைத்தாள். என் கையில் மண்வெட்டியைக் கொடுத்தாள்.

"மூணடி தோண்டு. நாய் கிளறக் கூடாது."

என் உடற்பயிற்சி வரலாறு பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. முதல் அரை அடிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. நடுவில் தண்ணீர் குடிக்கப் போனேன், கை கொப்பளித்திருக்கிறதா என்று பார்த்தேன், மண்வெட்டியின் பிடியை ஆராய்ந்தேன். நான் கொஞ்சம் சுறுசுறுப்பானவனாக இருந்திருந்தால் இந்தக் கதை அந்தக் குழியோடு முடிந்திருக்கும்.

அப்பாவுக்குப் படுக்கை கொள்ளவில்லை. எழுந்து வந்து வால்காரருக்குப் போன் போட்டார். திட்டும்போது சாட்சி வேண்டும் என்பதற்காக ஸ்பீக்கரில் போட்டார். நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்றோம்.

"யோவ், நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா?"

"யாருங்க பேசறது?"

"முந்நூறு முட்டை வாங்கினவன் பேசறேன். அத்தனையும் செத்துப்போச்சு."

"அய்யய்யோ. என்னண்ணே ஆச்சு? என்னைக்கு வெச்சீங்க?"

"இன்னையோட இருபத்தொரு நாள்."

"சரிண்ணே. அப்புறம்?"

"என்னய்யா அப்புறம்? இருபத்தொரு நாள்ங்கறேன்!"

"புரியுதுண்ணே. இன்னும் மூணு நாலு நாள் கிடக்கே. அதுக்குள்ள எப்படிச் செத்துச்சுன்னுதான் கேக்கறேன்."

அப்பா விரல்களை மடக்கி எண்ணினார்.

"அண்ணே, இருபத்தொண்ணு கோழிக்குத்தானே? இது இருபத்தினாலு, இருபத்தஞ்சு ஆகும். உங்களுக்கு நான் சொல்லணுமா? அன்னைக்குக் கண்காட்சியில போறவன் வர்றவனையெல்லாம் நிறுத்தி, 'இது கோழி இல்ல, கோழி இல்ல'ன்னு நீங்கதானே சண்டை போட்டீங்க?"

மாமா இருமினார். நான் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டேன்.

"மெஷின் ஓடுதுல்லண்ணே?"

"ஓடுது" என்றார் அப்பா.

அம்மா போனைப் பிடுங்கினாள். "ஓடல தம்பி. நிறுத்தி ஒன்றரை மணி நேரம் ஆச்சு. முட்டை வெளிய கூடையில இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு பறவை கத்தியது. பிறகு வால்காரர், "கடைசி நாள்ல உள்ள இருக்கிற குஞ்சுக்கே கொஞ்சம் சூடு உண்டுக்கா. மூடி வெச்சிருக்கீங்களா? நல்லது. இப்பவே உள்ள வையுங்க. பொழைக்கலாம், பொழைக்காமயும் போகலாம். பாப்போம்" என்றார்.

அதற்குமுன் எங்கள் வீட்டில் அவ்வளவு பேர் அவ்வளவு மெதுவாக ஓடி நான் பார்த்ததில்லை. வேகமாகப் போகணும், முட்டை குலுங்கக் கூடாது. லாரி டிரைவரும் ஒரு கூடையைத் தூக்கினார். மாமா இரண்டு கையிலும் கூடையோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கயிற்றின் மேல் நடப்பவர் போலப் போனார்.

"மாமா, இது பொரிஞ்சா ஷெட்டு போயிடுமே உங்களுக்கு?" என்றேன்.

"வாய மூடிட்டுக் கதவைப் பிடிடா."

மெஷின் திரும்பவும் உறும ஆரம்பித்தது. அப்பா அதன் முன்னால் நின்று வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏற வேண்டிய இடத்துக்கு ஏறி நின்ற பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அப்பாவைக் காணோம். தேடினால், ஷெட்டுக்குள் ஒரு வாளித் தண்ணீரும் துணியுமாக நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தார்.

மாமா வந்து பார்த்துப் பதறிவிட்டார். "அத்தான், எழுந்திருங்க. யாராவது பாத்தா என்ன நெனப்பாங்க?"

"சொன்ன சொல்லு சொன்னதுதான். இருபத்தொண்ணாவது நாள் வரல."

"அது தப்பான நாளு அத்தான்!"

"நான்தானே சொன்னேன் அந்த நாளை?" அப்பா நாற்காலியின் காலைத் துடைத்தார். முதுகைத் துடைத்தார். திருப்பிப் போட்டு அடியையும் துடைத்தார். அந்த நாற்காலிகள் வாங்கின நாளில்கூட அவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது. "மச்சான், அதுங்களா செத்திருந்தா பரவால்ல. முட்டை சரியில்ல, விதி சரியில்லன்னு ஏதோ ஒண்ணைச் சொல்லிக்கலாம். உசிரோட இருந்ததை நான் பிளக்கைப் பிடுங்கிக் கொன்னிருந்தா? பதினோரு வருஷம் பாத்த வேலையில நான் என்னத்தைக் கத்துக்கிட்டேன்?"

மாமாவும் இன்னொரு துணியை எடுத்து உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தார். இருபத்திரண்டாம் நாளும் இருபத்துமூன்றாம் நாளும் அப்படித்தான் போயின. இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து அறுநூறு நாற்காலியையும் துடைத்தார்கள். அப்பா தீவன அறைப் பக்கமே போகவில்லை. "சூடு சரியா இருக்கா, ஈரம் சரியா இருக்கா" என்று என்னைக் கேட்பார். நான் சொல்வேன். மேற்கொண்டு கேட்க மாட்டார்.

இருபத்துநான்காம் நாள் காலை, மெஷின் பக்கத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எதுவோ கீச்சென்றது. போன் என்று நினைத்து அணைக்கப் பார்த்தேன். போன் வீட்டில் இருந்தது. மறுபடியும் கீச். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மேல்தட்டில் மூன்றாவது வரிசையில் ஒரு முட்டை தானாக ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடியும் நேரானது. அதன் அகலமான முனையில் நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல்.

"அப்பா!"

என் குரலில் என்ன தெரிந்ததோ, வாளியைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடி வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "நீயே பாத்துச் சொல்லு."

"ஒண்ணு உடைக்குதுப்பா. இல்ல, ரெண்டு. அந்தக் கீழ்த்தட்டிலயும்... அப்பா, நீங்களே வந்து பாருங்களேன்."

வந்தார். கண்ணாடியில் காதை வைத்தார். உள்ளே ஒன்றல்ல, பத்திருபது கீச்சொலிகள், கூட்டம் தொடங்குமுன் மண்டபத்தில் கேட்குமே, அந்த மாதிரி. அப்பா அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துணியால் முகத்தைத் துடைத்தார். அது நாற்காலி துடைத்த துணி. அறுநூறு நாற்காலியின் அழுக்கும் கன்னத்தில் கோடு கோடாக இறங்கியது. அந்த முகத்தோடு சிரித்தார். அம்மா வந்து பார்த்து, "என்னங்க இது, மூஞ்சி!" என்று தன் முந்தானையால் துடைக்கப் போய், அவளுக்கும் கண் கலங்கி, கடைசியில் யார் யாரைத் துடைக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

"கொல்லலடி" என்றார் அப்பா. "நான் கொல்லல."

மறுநாள் மதியத்துக்குள் இருநூற்றுப் பதினான்கு குஞ்சுகள். அணில் முதுகு மாதிரி கோடு போட்ட குஞ்சுகள். கோழிக்குஞ்சு பொரிந்ததும் கொஞ்ச நேரம் உலகத்தை யோசித்துப் பார்க்கும். இவை யோசிக்கவில்லை, குதித்தன. அறை மூலையில் தகரத்தை வட்டமாக வளைத்து, பல்பு தொங்கவிட்டு, அதற்குள் அவற்றை விட்டோம். பொரியாத முட்டைகளை அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாதி இரண்டாவது வாரத்திலேயே வளர்ச்சி நின்றுபோனவை. மீதி ஒருவேளை அந்த ஒன்றரை மணி நேரம். அவற்றை அவரே எடுத்துப்போய்ப் புதைத்தார். மூன்றடி, அரை மணி நேரத்தில்.

இப்போது ஷெட். மூன்று வாரத்தில் குஞ்சுகளுக்கு இந்த அறை போதாது. அதற்குள் ஷெட்டில் வலை கட்டி முடிக்கணும். ஷெட்டிலோ பளபளவென்று அறுநூறு நாற்காலிகள்.

"ஷெட்டு உன்னுது மச்சான்" என்றார் அப்பா. "நான் வேற எங்கயாவது கொட்டகை போட்டுக்கறேன்."

"ச்சே, என்ன பேச்சு அத்தான். ஷெட்டு உங்களுது."

"இல்ல, வாக்குன்னா வாக்கு."

"நான் உங்ககிட்ட வாக்கா கேட்டேன்? ஷெட்டு உங்களுதுதான். சேரு மட்டும்... வெளிய மழை வர்ற மாதிரி இருக்கு பாருங்க. ஒரு மாசம் இருக்கட்டும். இல்ல, ரெண்டு மாசம். ஓரமாத்தான்."

இரண்டு பேரும் ஷெட்டை ஒருவர் மேல் ஒருவர் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாற்காலிகூட நகரவில்லை. நல்ல மனசுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் எந்தக் காரியமும் நடக்காது என்பதை நான் நேரில் பார்த்தேன்.

அப்போது தீவன அறையிலிருந்து அம்மா கத்தினாள். "ஐயோ, பிடிங்க பிடிங்க! ஒண்ணு குதிச்சு ஓடிடுச்சு! சேருக்கு அடியில போயிடுச்சு!"

மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "யாரும் அசையாதீங்க! சேரு சரிஞ்சா நசுங்கிடும்!"

அவரே முதல் அடுக்கிலிருந்து நாற்காலியை ஒவ்வொன்றாக, பூப்போல எடுத்து வெளியே வைத்தார். நான் வாங்கி முற்றத்தில் போட்டேன். ஒரு அடுக்கு, இரண்டு அடுக்கு, பத்து அடுக்கு. குனிந்து, "பா, பா, பா" என்று கூப்பிட்டார்.

"அப்படிக் கூப்பிட்டா வராது மச்சான். அது கோழி இல்ல."

"இப்ப அதுவா முக்கியம்? நேத்துப் பொறந்தது அத்தான்! கூட்டத்தை விட்டு எங்க போய் நடுங்கிட்டு நிக்குதோ!"

சாயங்காலத்துக்குள் முப்பது அடுக்கும் வெளியே வந்துவிட்டன. ஷெட் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெறுந்தரையாகக் கிடந்தது. குஞ்சு இல்லை. மாமா மண்டி போட்டுச் சுவரோரம் முழுக்கத் தேடினார். எழுந்தபோது முழங்காலில் இரண்டு வட்டம் தூசி.

"செவுத்துல ஏதாவது ஓட்டைக்குள்ள பதுங்கியிருக்கும்" என்றார். "அது தானா வெளிய வரட்டும். இதுக்கு மேல ஒரு சேரை உள்ள கொண்டுவந்தா அந்தப் பாவம் எனக்குத்தான். டிரைவருக்குப் போன் போடுடா."

லாரி வந்தது. நாற்காலிகள் ஏறின. தன் வீட்டு மாடியில் தகரம் போட்டுக்கொள்ளப் போவதாகவும், அதை ரொம்ப நாளாகவே நினைத்துக்கொண்டிருந்ததாகவும் சொல்லிவிட்டு மாமா வண்டியில் ஏறினார். ஏறியவர் இறங்கி வந்து, "பூனை வராமப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஏறினார்.

அப்பா தகர வட்டத்துக்குள் கையை விட்டு எண்ணினார். இருநூற்றுப் பதினான்கு. எங்கோ தப்புவிட்டோம் என்று மறுபடி எண்ணினார். இருநூற்றுப் பதினான்கு. அம்மாவைப் பார்த்தார். அம்மா தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவ்வளவு கவனமாகக் கழுவும்படி அந்தக் கிண்ணத்தில் ஒன்றும் இல்லை.

"ஏண்டி," என்றார் அப்பா மெதுவாக. "உன் கூடப் பொறந்தவன்டி அவன்."

"அதனாலதான் அவனைப் பத்தி எனக்குத் தெரியும். நீங்க போய் வலை கட்டற வேலையைப் பாருங்க."

மாமா வீடு போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். அம்மா எடுத்தாள்.

"அக்கா, அது கிடைச்சுதா?"

"கிடைச்சுதுடா. அதுவா வந்து கூட்டத்தோட சேந்துக்கிச்சு. நல்லா தின்னுக்கிட்டு இருக்கு."

மாமா விட்ட பெருமூச்சு ஸ்பீக்கர் போடாமலேயே எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "அப்பாடா" என்றார். "எனக்கு வண்டியில வர்ற வழியெல்லாம் அதே நெனப்பு அக்கா."